ஸ்பிரிங் ஏர் ரைஃபிள்: செம்மைப்படுத்துதல்

ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் என்பது சுருள்வில்லின் விசையால் இயங்கும் காற்றுத் துப்பாக்கி. குழலை மடக்கும்போது வில் அமுங்கிக் கொக்கியில் நிற்கும். டிரிகரை இழுத்ததும் பிஸ்டன் முன்பாய்ந்து சிலிண்டர் காற்றை நெருக்கும். அந்த அழுத்தமே 4.5 அல்லது 5.5 மி.மீ. ஈயக் குண்டைத் தள்ளுகிறது. குண்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி அதிரத் தொடங்குவதால் குறி பிசகுவது எளிது.

மலிவு வகைகளில் சிலிண்டர் வெட்டுகளின் ஓரங்களில் பிசிறு இருக்கும். வில் தன் நடுத்தண்டில் தளர்ந்து ஆடும். பிசிறை அராவுதல், பிஸ்டன் சீலையும் குழல்வாய் வாஷரையும் மாற்றுதல், இறுக்கமான நடுத்தண்டு பொருத்துதல், மாலிப்டினம் கிரீஸை மெல்லிதாகப் பூசுதல் ஆகியவை வழக்கமான பணிகள். சுட்டதும் எழும் ‘டொய்ங்’ ஓசை அடங்கினால் வேலை பலித்தது எனலாம். சிலிண்டருக்குள் சாதாரண எண்ணெய் விட்டால், அழுத்தச் சூட்டில் அது தீப்பற்றிச் சீலைக் கெடுக்கும். கடினமான வில் அதிர்வையே கூட்டும். குறி அதனால் திருந்துவதில்லை.

குழலை மடக்காத நிலையிலும் வில் ஓரளவு அமுங்கியே இருக்கும். அமுக்குக் கருவியின்றிக் கழற்றினால் அது தெறித்துக் காயப்படுத்தும். இங்கிலாந்தில் 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல் ஆற்றலைத் தாண்டும் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் கட்டாயம்.