தேங்காய் எண்ணெய் முதல் கார்பன் வரை: ஒரு துடுப்புப் பலகையின் கதை

மங்களூர்ப் பக்கம் மாற்றலாகி வரும் நம்மூர்க் குடும்பங்கள் முதல் வருஷம் ரெண்டு விஷயங்களைப் பார்த்து வாய் பிளப்பார்கள். ஒன்று, ஜூன் மாத மழை. இன்னொன்று, முல்கி பக்கம் சாம்பவி ஆற்றில் நீளமான பலகை மேல் நின்றபடி துடுப்பு போட்டுக்கொண்டு போகும் ஆட்கள். ஸ்டாண்ட் அப் பேடில் போர்டு என்பார்கள், சுருக்கமாக எஸ்.யூ.பி. கொஞ்ச நாளில் நம் வீட்டுப் பிள்ளையும் "நானும் போறேன்ப்பா, ரேஸ் எல்லாம் இருக்கு" என்று ஆரம்பிக்கும். அப்பா விலையை விசாரிப்பார். அம்மா "வாங்கினா யாரு பார்த்துக்கறது?" என்று கேட்பார்.

அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. இந்த விளையாட்டின் சரித்திரமே அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ராஜாவின் பலகை

கதை தொடங்குவது ஹவாய்த் தீவுகளில். அங்கே அலைமேல் சவாரி என்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல. தலைவர்கள் பந்தயம் கட்டி மோதிக்கொண்ட விஷயம். பெரிய தலைவர்களுக்கு 'ஓலோ' என்ற மிக நீளமான பலகை. லேசாக இருக்க வேண்டும் என்றால் விலிவிலி என்ற மரத்தில் செய்வார்கள். நம்மூர் கல்யாண முருங்கைக்கு ஒன்றுவிட்ட தம்பி அந்த மரம், ஒரே பேரினம்.

1823ல் ஹவாயைச் சுற்றிப் பார்த்த வில்லியம் எல்லிஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு அருமையான குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். சவாரி முடிந்ததும் பலகையை வெயிலில் நன்றாகக் காய வைப்பார்களாம். பிறகு தேங்காய் எண்ணெய் தடவுவார்களாம். பல சமயம் துணியில் சுற்றி வீட்டுக்குள்ளேயே தொங்கவிடுவார்களாம். கவனியுங்கள், இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே பராமரிப்பு அட்டவணை தயார்! மரம் தண்ணீர் குடித்தால் கனக்கும், கனத்தால் வேகம் போகும். இது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

19ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. வெளியிலிருந்து வந்த நோய்களில் ஹவாய் மக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். பழைய வாழ்க்கை முறை குலைந்தது. பலகை செய்யவும் ஆளில்லை, எண்ணெய் தடவவும் ஆளில்லை. பாக்கி என்ற தலைவரின் பெரிய ஓலோ பலகைகள் மட்டும் எப்படியோ தப்பித்து ஹோனலூலுவில் உள்ள பிஷப் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. 14 அடிக்கு மேல் நீளம், 60 கிலோவுக்கு மேல் எடை.

டாம் பிளேக் என்ற ஆசாமி

இங்கேதான் நம் கதாநாயகன் வருகிறார். டாம் பிளேக், 1902ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் பிறந்தவர். கடலே இல்லாத ஊர். 1920ல் டெட்ராய்ட் நகரில், ஒலிம்பிக் நீச்சல் வீரரும் ஹவாய்க்காரருமான ட்யூக் கஹானமோக்குவைத் தற்செயலாகச் சந்திக்கிறார். ஒரு கைகுலுக்கல், அவ்வளவுதான். அது பிளேக்கின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. 1924ல் ஹவாய்க்கே போய்விட்டார்.

அருங்காட்சியகத்தில் பாக்கியின் பலகைகள் கவனிப்பாரற்றுக் கிடந்ததைப் பார்த்து, அனுமதி வாங்கி, அவற்றைச் சுத்தம் செய்து புதுப்பித்தார். பழுது பார்க்கும்போதுதான் ஒரு பொருளின் சூட்சுமம் பிடிபடும். இதை எந்த மெக்கானிக்கும் ஒத்துக்கொள்வார். இவ்வளவு நீளமான பலகை ஏன் வேகமாகப் போகிறது என்பது பிளேக்குக்குப் புரிந்தது. ஆனால் அந்த எடையை யார் தூக்குவது?

அவர் செய்த வேலை இது. அதே வடிவில் ஒரு மரப்பலகை செய்து, அதில் நூற்றுக்கணக்கான துளைகள் போட்டார். மரம் நன்றாகக் காயட்டும் என்று விட்டார். பிறகு மேலும் கீழும் மெல்லிய மரத்தகடு ஒட்டி மூடினார். உள்ளே காற்று, வெளியே மரம். எடை கணிசமாகக் குறைந்தது. அடுத்து, துளையெல்லாம் எதற்கு என்று உள்ளே முழுக்கக் கூடாகவே செய்ய ஆரம்பித்தார்.

ஹோனலூலுவின் ஆலா வாய் கால்வாயில் நடந்த துடுப்புப் பந்தயங்களில் இந்தக் கூட்டுப் பலகையோடு இறங்கி ஜெயித்தார். "இது நியாயமா?" என்று முணுமுணுப்பும் கிளம்பியது. (புதுக் கருவி வரும்போதெல்லாம் வருகிற அதே கேள்விதான். கிரிக்கெட் மட்டை வரைக்கும் பார்த்துவிட்டோம்.) 1931ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1932ல் கிடைத்தது.

அதே 1932ல், கலிபோர்னியா அருகே உள்ள கேட்டலினா தீவுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே, 40 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடலை மூன்று பேர் பலகையில் கடந்தார்கள். பிளேக், பீட் பீட்டர்சன், வாலி பர்ட்டன். மூன்று பேருமே கரை சேர்ந்தார்கள். முதலில் வந்த பிளேக்குக்கு ஆன நேரம் 5 மணி 53 நிமிடம். அவர்களுக்கு இருந்த இலக்கு, பதக்கமோ காசோ அல்ல. இந்தப் பலகையை நம்பி இவ்வளவு தூரம் போகலாம் என்று நிரூபிப்பது. அந்தப் பலகைகளை உயிர்காப்பாளர்கள் மீட்புக்குப் பயன்படுத்தினார்கள்.

லேசானதற்கு ஒரு விலை

சரி, கூட்டுப் பலகையில் என்ன சிக்கல்? ஓட்டை விழுந்தால் உள்ளே தண்ணீர் புகும். அதனால் ஒரு திருகு மூடி வைத்தார்கள். கரைக்கு வந்ததும் மூடியைத் திறந்து, பலகையைச் சாய்த்து, உள்ளே சேர்ந்த தண்ணீரை வடிக்க வேண்டும். வெயிலில் அப்படியே போட்டால் உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரியும், ஒட்டிய இணைப்பு விட்டுக்கொள்ளும். வார்னிஷ் உரிந்தால் மரம் ஊறும். அதாவது கெட்டி மரத்தைக் கூட்டு மரமாக்கியபோது, தூக்குகிற சிரமம் போய்க் காக்கிற சிரமம் வந்தது.

இப்போது போட்டியில் ஓடும் பலகை பெரும்பாலும் 14 அடி. உள்ளே நுரைக்கட்டி, வெளியே எபாக்ஸி பிசினில் தோய்த்த கார்பன் துணி. ஓர் ஆள் ஒரு கையில் தூக்கிப் போகலாம். ஆனால் சிக்கல் பிளேக் காலத்துச் சிக்கலேதான்: உள்ளே காற்று, வெளியே மெல்லிய ஓடு. அதனால்தான் பல பலகைகளில் காற்று போக ஒரு சின்ன திருகு இருக்கிறது. விமானத்தில் அனுப்பும்போதும், சூடான இடத்தில் வைக்கும்போதும் அதைத் தளர்த்த வேண்டும். தண்ணீரில் இறங்குமுன் இறுக்க வேண்டும். பூட்டிய காருக்குள் மத்தியானம் முழுக்கப் பலகையை வைத்தால் ஓடு உப்பி நுரையை விட்டுப் பிரியும். சின்னக் கீறல்தானே என்று விட்டால் நுரை தண்ணீர் குடிக்கும். உடனே நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய வைத்து, எபாக்ஸியால் அடைக்க வேண்டும். பாலியெஸ்டர் பிசின் கூடாது, அது இந்த வெள்ளை நுரையைக் கரைத்துவிடும்.

கழுவு, நிழலில் காயவை, உறையில் போட்டு உள்ளே வை. வெயில் நிழலாகியிருக்கிறது, தேங்காய் எண்ணெய் எபாக்ஸியாகியிருக்கிறது. மற்றபடி 1823ல் எல்லிஸ் எழுதியதேதான்.

நின்றவர்களும் ஓடினவர்களும்

பிளேக் காலத்துப் பந்தயங்களில் படுத்தோ மண்டியிட்டோ கையால்தான் தள்ளுவார்கள். நின்றுகொண்டு துடுப்பு போடுவது ஹவாயின் வைக்கிக்கி கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளுக்கு அலைச்சவாரி சொல்லித்தந்த 'பீச் பாய்' ஆட்களின் பழக்கம். அதில் ஆ சோய் குடும்பத்தின் பெயரை முக்கியமாகச் சொல்வார்கள். நின்றால் தூரத்தில் வரும் அலை தெரியும், மாணவர்களும் கண்ணில் படுவார்கள். 1990களில் லேர்ட் ஹாமில்டனும் டேவ் கலாமாவும் மாவி தீவில் நீளமான துடுப்போடு இதை மறுபடி பிடித்துக்கொண்டார்கள். அதன்பிறகு உலகமெங்கும் பரவியது.

பந்தயங்களும் வளர்ந்தன. கேட்டலினாவிலிருந்து 32 மைல் போட்டி 1955ல் தொடங்கி, 1961ல் நின்று, 1982ல் மீண்டும் உயிர்பெற்றது. மொலொகாய் தீவிலிருந்து ஓஆஹு தீவுக்கு 32 மைல் போட்டி 1997ல் ஆரம்பம். கையால் தள்ளும் பிரிவில் ஆஸ்திரேலியாவின் ஜேமி மிட்செல் 2002 முதல் 2011 வரை தொடர்ந்து 10 தடவை ஜெயித்தார். ஒரு தடவை ஜெயிப்பது உடம்பின் வேலை. பத்து தடவை என்பது ஒழுங்கின் வேலை என்பது என் எண்ணம்.

2019ல் லிமாவில் நடந்த பான் அமெரிக்கன் விளையாட்டில் எஸ்.யூ.பி. பந்தயம் இடம்பெற்றது. இதை ஆள்வது அலைச்சவாரி சங்கமா, கனோ சங்கமா என்று ஒரு பங்காளிச் சண்டையும் நடந்து, 2020ல் விளையாட்டு நடுவர் மன்றம் ஒலிம்பிக் அளவில் அலைச்சவாரி சங்கத்துக்கே உரிமை என்று சொன்னது. 2024 மார்ச்சில் நம் மங்களூர் பக்கத்து சசிஹித்லு கடற்கரைக்கே சர்வதேசப் போட்டி வந்தது. தமிழ்நாட்டின் சேகர் பச்சை தேசிய அளவில் பட்டங்கள் வென்றவர். ஆக, உங்கள் பிள்ளை கேட்பது எட்டாத கனியொன்றும் இல்லை.

நம்ம கட்டுமரம்

இவ்வளவு சொல்லிவிட்டு நம்மூர் விஷயத்தைச் சொல்லாமல் போனால் சாப்பாடு செரிக்காது. 1697ல் வெளியான தன் பயண நூலிலேயே வில்லியம் டாம்பியர் கட்டுமரத்தைப் பற்றி எழுதிவிட்டார். ஆங்கிலத்தின் 'கேட்டமரான்' நம் கட்டுமரத்திலிருந்து போன சொல்தான். கட்டுமரத்துக்கு 'உள்ளே' என்று ஒன்று கிடையாது. அதனால் ஓட்டையும் கிடையாது, மூழ்கவும் மூழ்காது. ஆனால் மரம் ஊறும். அதற்கு நம் மீனவர்கள் கண்ட வழி, கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவது. மறுநாள் திரும்பக் கட்டிக்கொண்டு போவது. எவ்வளவு எளிமை!

2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்தன. கட்டுமரம் வேகமாகக் குறைந்தது. மீனவருக்கு ஃபைபர் படகு வசதி, அதைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் மரத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிக் கட்டுவது என்று தெரிந்த கைகள் குறைந்துகொண்டே போகின்றன. ஹவாய்க்காரர்களின் பலகை அறிவு அறுந்துபோகாமல் நீண்டதற்கு, அருங்காட்சியகத்தில் கிடந்த சில பழைய பலகைகளும், அவற்றைப் பழுது பார்க்க முன்வந்த ஒருவரும் ஒரு காரணம். நமக்கு?

அதனால், பிள்ளை பலகை கேட்டால் வாங்கிக் கொடுக்கலாமா என்பவர்களுக்கு என் பதில்: முதல் மூணு மாசம் கிளப் பலகையிலேயே பழகட்டும். முதல் இலக்கு, விழாமல் 2 கிலோமீட்டர். அடுத்து, அதே தூரம் போன வாரத்தைவிட ஒரு நிமிஷம் குறைவாக. கூடவே இன்னொரு இலக்கும் வையுங்கள். ஒவ்வொரு தடவை கரைக்கு வந்ததும், யாரும் சொல்லாமலே, கிளப் பலகையைக் கழுவித் துடைத்து நிழலில் வைக்க வேண்டும். மூணு மாசம் இதைத் தவறாமல் செய்கிற பிள்ளைக்கு தாராளமாக வாங்கிக் கொடுங்கள். அந்தப் பலகை நெடுநாள் உழைக்கும்.