நேர்கோட்டில் நெருப்பை நடத்திய கதை

சேலத்து இரும்பைப் பற்றி எழுத வந்தால் எல்லோரும் ஒரே வழியில்தான் போகிறார்கள். கஞ்சமலைத் தாது, அதை நம்பி 1830 வாக்கில் ஹீத் துரை பரங்கிப்பேட்டையில் வைத்த உலை, 1981-ல் ஓட ஆரம்பித்த நம் உருக்காலை. எல்லாம் உருக்கிய கதை, உருட்டிய கதை. வெட்டிய கதையை எழுத ஆளைக் காணோம். ஆனால் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி கட்டுகிறவரையோ, நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறவரையோ கேட்டுப் பாருங்கள். "வெட்டு நேரா வந்துட்டா பாதி வேலை முடிஞ்சுதுங்க" என்பார். வெட்டு கோணினால் வெல்டிங்கில் இடைவெளி விழும். அதைச் சரிசெய்ய ஒரு ஹெல்பர் அரை நாள் கிரைண்டரோடு உட்கார வேண்டும். கூலியும் போச்சு, கல்லும் தேய்ஞ்சு போச்சு.

கேஸ் கட்டிங் என்றால் இரும்பை உருக்கி அறுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். இன்றைய மாணவர்களுக்காக ஒரு வரி சொல்லிவிடுகிறேன். இங்கே இரும்பு உருகுவதை விட எரிகிறது என்பதே சரி. தகட்டை ஏறத்தாழ 900 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு, சுத்தமான ஆக்ஸிஜனை மெல்லிய தாரையாக அடித்தால் இரும்பே விறகாகி எரிந்து, ஸ்லாக்காகக் கீழே கொட்டும். இதில் ஒரு வேடிக்கை. நம் உருக்காலையின் ஸ்டெயின்லெஸ் தகடு இந்த நெருப்புக்கு மசியாது. அதிலுள்ள குரோமியம் ஆக்ஸைடாகி மேலே மூடிக்கொள்ளும். அதற்கு 1950-களில் அமெரிக்காவில் யூனியன் கார்பைட் கண்ட பிளாஸ்மா வர வேண்டியிருந்தது. ஊர்ப் பெயர் தாங்கிய எஃகை ஊர்ப் பட்டறை டார்ச்சால் வெட்ட முடியாது!

இந்த நெருப்பு ஒரே நாளில் பிறக்கவில்லை. அசெட்டிலினும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் எவ்வளவு சூடு வரும் என்பதை பிரான்சில் லெ ஷாதெலியே 1895-ல் காட்டினார். அதே ஆண்டு ஜெர்மனியில் லிண்டே காற்றைத் திரவமாக்கினார். சில ஆண்டுகளில் அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்தும் எடுத்தார். வெட்டுக்கு இது சாதாரண விஷயமில்லை. ஆக்ஸிஜனின் சுத்தம் ஒரு சதவீதம் குறைந்தால் வெட்டும் வேகம் கால் பங்கு விழும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. அசெட்டிலின் தனியே அழுத்தினால் வெடிக்கும் சாதி. அதை அசிட்டோனில் கரைத்துச் சிலிண்டரில் அடைக்கும் வழியை ஜார்ஜ் குளோத், ஹெஸ் என்ற இருவர் 1890-களில் கண்டார்கள். நம் பட்டறையில் "டி.ஏ. சிலிண்டர்" என்கிறோமே, அது கரைத்த அசெட்டிலின் என்பதன் சுருக்கம்தான். 1903-ல் ஃபூஷே, பிக்கார்ட் இருவரும் கையில் பிடிக்கும் டார்ச்சைச் செய்துவிட்டார்கள்.

டார்ச் வந்துவிட்டது, சரி. கை? மனிதன் கை மூச்சோடு அசையும். நூலடித்து, சாக்பீஸ் கோடு போட்டு, ஓரத்தில் ஆங்கிள் சார்த்தி வைத்தால் கோடு ஓரளவு நேராகும். ஆனால் வேகம் சீராகாது. மெதுவாகப் போனால் மேல் விளிம்பு உருகி வழியும். வேகமாகப் போனால் அடிப்பக்கம் அறுபடாமல் நிற்கும். வெட்டு முகத்தில் சீப்புப் பல் போல் வரிகள் தெரியும், பார்த்திருப்பீர்கள். கை எங்கே தயங்கியது, எங்கே அவசரப்பட்டது என்பதை அந்த வரிகள் அப்படியே எழுதி வைத்திருக்கும். என் கணிப்பில் இந்த வரலாற்றின் முடிச்சே இதுதான். தண்டவாளம் போடுவது எளிது, அதன்மேல் ஒரே வேகத்தில் ஓட்டுவதுதான் கஷ்டம்.

அந்த முடிச்சை 1910-களில் அவிழ்த்தவர்களில் ஒன்று அமெரிக்காவின் டேவிஸ்-போர்னோன்வில் கம்பெனி. சின்ன வண்டி, அதில் மின்மோட்டார், கீழே தண்டவாளம், பக்கத்தில் நீட்டிய கையில் டார்ச். வட்டமும் வெட்டும் அந்த வண்டிக்கு 'ரேடியாகிராஃப்' என்று பெயர் வைத்தார்கள். நம் நாட்டில் 1935-ல் கல்கத்தாவில் இந்தியன் ஆக்ஸிஜன் அண்ட் அசெட்டிலின் கம்பெனி தொடங்கியது. பின்னாளில் அதே மாதிரி வண்டி நம் பட்டறைகளுக்கும் வந்து, 'பக் மெஷின்' என்ற பெயரில் நிலைத்துவிட்டது.

ஆனால் ரெண்டு ஆள் வைத்து நடத்தும் பட்டறைக்கு அது பெரிய செலவு. ஆகவே நம் பக்கத்தில் அதை வீட்டிலேயே செய்கிறார்கள். அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுப் பின்கட்டு ஷெட்டில் நானும் ஒரு வகுப்பு நண்பரும் செய்ததும் அந்த வழிதான். பழைய லாரியின் வைப்பர் மோட்டார், கூட ஒரு பாட்டரி. ஒரு பக்கம் கவிழ்த்த ஆங்கிள், அதில் வி-பள்ளம் கடைந்த சக்கரம். மறுபக்கம் வெறும் ஃப்ளாட், அதில் நர்லிங் போட்ட 50 மி.மீ. சக்கரம். ரெண்டு பக்கமும் பள்ளம் வைத்தால் வண்டி இறுகி நின்றுவிடும். மோட்டார் சுற்று நேராகச் சக்கரத்துக்குப் போனால் வண்டி ஓடியே போய்விடும். நடுவில் இருபதுக்கு ஒன்று வார்ம் கியர் போட்டோம். வைப்பருக்கு ரெண்டு வேகம், நிமிஷத்துக்குச் சுமார் 45, 65 சுற்று. கணக்குப் போட்டால் வண்டி நிமிஷத்துக்கு 353 மி.மீ., 510 மி.மீ. ஓடும். முன்னது 25 மி.மீ. தகட்டுக்கு ஏறத்தாழப் பொருந்தும், பின்னது 12 மி.மீ. தகட்டுக்கு. மழையைத் துடைக்கச் செய்த மோட்டார் இப்படி நமக்கு வாய்த்தது.

ஹோஸ் தரையில் இழுபட்டால் வண்டி திக்கும், வெட்டில் வரி விழும். மேலே கம்பி கட்டி வளையத்தில் தொங்கவிட்டோம். ஒன்று மட்டும் தம்பிகளுக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வண்டியை வீட்டில் செய்யுங்கள், ரெகுலேட்டரையும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டரையும் கடையில் புதிதாக வாங்குங்கள். அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மோட்டார் வந்தால் கட்டருக்கு வேலை போய்விடும் என்றார்கள். அப்படி ஆகவில்லை. முப்பது வருஷம் கையால் வெட்டிய அண்ணன் ஒருவர்தான் எங்கள் வண்டியை ஓட்டுகிறார். கீழே கொட்டும் பொறியின் சாய்வைப் பார்த்தே வேகம் சரியா என்று சொல்லிவிடுவார். தண்டவாளம் நேராக இருந்தும், நீளப் பட்டை ஒன்று வில்லாக வளைந்து வந்தபோது காரணம் சொன்னவரும் அவரே. "ஒரு பக்கம் மட்டும் சூடு குடுத்தா இரும்பு அந்தப் பக்கமாத்தான் இழுக்கும் தம்பி. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல வெட்டணும்." பெரிய தொழிற்சாலைகளில் ஒரே வண்டியில் ரெண்டு டார்ச் மாட்டுவது இதற்காகத்தான். எங்கள் வண்டியிலும் இப்போது குறுக்கே ஒரு பைப் நீட்டி, இரண்டாவது டார்ச்சுக்குப் பிடி வைத்துக்கொண்டிருக்கிறோம். எடை கூடியதால் மோட்டார் கொஞ்சம் முனகுகிறது. வார்ம் கியரை முப்பதுக்கு ஒன்றாக மாற்றிப் பார்க்கலாமா என்று பேச்சு நடக்கிறது.