மெயில் சர்வர் மாறியாச்சு, போன்ல மெயில் வரலையா? பதறாம இதையெல்லாம் செக் பண்ணுங்க!

கிழக்கு கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் போனால், உப்பளங்களின் ஓரம் குவிந்திருக்கும் வெள்ளை உப்பைப் பார்க்கலாம். அங்கே உங்கள் குடும்பம் உப்பு வியாபாரம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு ஒரு போன் கால் போதும். ஆனால் வெளியூர் கம்பெனிகள் எத்தனை டன் வேணும், லாரி எப்போ வரும் என்பதையெல்லாம் மெயிலில்தான் அனுப்பும். அந்த மெயிலை வேறு நிறுவனத்தின் சர்வருக்கு மாற்றிய மறுநாள், போன் 'கனெக்ட் ஆகவில்லை' என்கிறது. ஒரு ஆர்டர் கண்ணில் படாவிட்டால், ஒரு லாரி லோடு போச்சு!

அட்ரஸ் அதேதான், சர்வர்தான் வேற!

சர்வர் மாற்றம் புதுசு இல்லை. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மெயில், தேசிய தகவல் மையத்திடமிருந்து நம்ம ஊர் ஜோஹோவுக்கு மாறியதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தது. அவர்களின் மெயில் முகவரி மாறவில்லை. உங்களுக்கும் அப்படித்தான். முகவரி அதே, ஆனால் போன் இன்னும் பழைய சர்வரையே தட்டிக்கொண்டு இருக்கிறது.

முதல்ல பிரவுசர்!

போன் ஆப்பை நோண்டும் முன், புது நிறுவனத்தின் வெப்மெயிலில் லாகின் செய்யுங்கள். அங்கே மெயில் தெரிந்தால் சர்வர் நலம், பிரச்னை உங்கள் போன் செட்டிங்கில். அங்கேயும் லாகின் ஆகவில்லையா? பாஸ்வேர்டையோ அக்கவுன்ட்டையோ அட்மின்தான் சரிசெய்ய வேண்டும்.

செட்டிங்கில் என்ன பார்க்கணும்?

* சர்வர் பெயர்: புது நிறுவனம் தந்ததை எழுத்துக்கு எழுத்து டைப் செய்யுங்கள்.
* மெயில் வர: ஐமேப், போர்ட் 993, எஸ்எஸ்எல் ஆன். சில நிறுவனங்களில் ஐமேப்பை வெப்மெயிலில் நாமே ஆன் செய்ய வேண்டும்.
* மெயில் போக: போர்ட் 465 அல்லது 587. மெயில் வருது, ஆனா போகலைன்னா கோளாறு பெரும்பாலும் இங்கேதான்.
* பாஸ்வேர்டு: இரண்டு அடுக்கு பாதுகாப்பு போட்டிருந்தால், சில ஆப்களுக்குத் தனி 'ஆப் பாஸ்வேர்டு' வேண்டும். மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில், வெறும் பாஸ்வேர்டை மட்டும் நம்பும் பழைய லாகின் முறையை 2022 அக்டோபர் முதல் நிறுத்தத் தொடங்கியது. அதனால் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் பழைய ஆப் திணறலாம். ஆப்பை அப்டேட் செய்யுங்கள்.
* 'சான்றிதழ் பொருந்தவில்லை' என்று எச்சரிக்கை வந்தால் 'பரவாயில்லை' என்று தட்டாதீர்கள். சர்வர் பெயரை மறுபடி பாருங்கள்.

பழைய அக்கவுன்ட்டை அழிக்காதீங்க!

பலர் சறுக்குவது இங்கேதான். இருக்கிற ஐமேப் அக்கவுன்ட்டிலேயே சர்வர் பெயரை மாற்றினால், போன் காலியான புது சர்வரைப் பார்த்து, தன்னிடம் இருந்த பழைய மெயில்களையும் காட்டாமல் போகலாம். அதனால் புது அக்கவுன்ட்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் 'பாப்' முறை என்றால் இன்னும் கவனம். பழைய மெயில்கள் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கலாம். முதலில் பேக்கப் எடுத்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம். சர்வர் மாறிய தகவல் இணையம் முழுக்கப் பரவ, சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாள் வரை ஆகலாம். அதுவரை சில மெயில்கள் பழைய சர்வருக்கே போகும். அதனால் பழைய சேவையை இரண்டு வாரமாவது வைத்திருந்து, அதன் வெப்மெயிலையும் தினமும் ஒருமுறை பாருங்கள். காணாமல்போன ஆர்டர் அங்கே இருக்கலாம்.

எப்போ மாத்தலாம்?

மழைக்காலத்தில் உப்பு எடுப்பது நின்றாலும், மூடி வைத்த குவியல்களின் விற்பனை நிற்காது. அதனால் சீசன் எதுவானாலும், சனிக்கிழமை இரவு மாற்றினால் ஞாயிறு முழுக்க சரிபார்க்க நேரம் கிடைக்கும். முக்கியமான வாடிக்கையாளர்களுக்கு, 'ரெண்டு நாள் மெயிலோட போன்லயும் சொல்லிடுங்க' என்று முன்கூட்டியே தகவல் கொடுங்கள்.

கடைசியாக, 'உங்க மெயில் மாறுது, இந்த லிங்க்கில் பாஸ்வேர்டு போடுங்க' என்று மெயில் வந்தால் தொடவே தொடாதீர்கள். சர்வர் மாறும் நேரத்தில் மோசடிக்காரர்கள் வீசும் தூண்டில் அதுதான். சந்தேகம் வந்தால், மாற்றிக்கொடுத்தவருக்கு நேரடியாக போன் போடுங்க!