கிணற்றுக்குள் வந்த கடல்

மீஞ்சூர்ன்னா நம்மில் பலருக்கு கும்மிடிப்பூண்டி ரயில்ல வர்ற ஒரு ஸ்டேஷன், அவ்ளோதான். ஆனா சென்னைத் தண்ணீர் வரலாற்றில் அது ஒரு பெரிய பாடம்.

1960களின் கடைசியில் ஐ.நா. உதவியோடு நடந்த ஆய்வில், ஆரணி, கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் நல்ல நிலத்தடி நீர் இருப்பது தெரிந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம்னு ஆழ்துளைக் கிணறுகள் போட்டாங்க. மணலி ஆலைகளுக்கும் தண்ணி போச்சு. விவசாயிகளும் பம்புசெட் வைத்து இறைத்தார்கள்.

எடுக்க எடுக்க, கடல் உள்ளே வந்தது. ஒரு எளிய கணக்குதான்: கடலோரத்தில் நன்னீர் மட்டம் 1 மீட்டர் இறங்கினால், கீழே உப்பு நீர் சுமார் 40 மீட்டர் ஏறும். 1969-ல் கரையிலிருந்து சுமார் 3 கி.மீ.யில் இருந்த உப்பு எல்லை, பிறகு இன்னும் பல கி.மீ. உள்ளே போய்விட்டது.

அப்புறம் என்ன வழி? ஒண்ணு, எடுப்பதைக் குறைப்பது: 1987-ல் சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ரெண்டு, மண்ணுக்கே திருப்பிக் கொடுப்பது: தடுப்பணைகள், 2003-ல் கட்டாய மழைநீர் சேகரிப்பு. மூணு, ஆலைகளுக்கு சுத்திகரித்த கழிவுநீர். நாலு, கடல்நீரையே குடிநீராக்குவது: 2010-ல் மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் ஆலை. கிணற்றைக் கெடுத்த அதே கடல்!

என் ஓட்டு முதல் மூணுக்கும். நாலாவது மின்சாரத்தைத் தின்னும், கெட்ட கிணற்றைத் திருப்பியும் தராது.

எங்க ஐயப்பன்தாங்கலுக்கு கடல் தூரம்தான். ஆனா செப்டிக் டேங்க்குக்கும் போருக்கும் நடுவுல எத்தனை அடி? உங்க வீட்டு போர் தண்ணியை கடைசியா எப்போ டெஸ்ட் பண்ணீங்க மக்களே?