ஊவாவின் தகரக் கூரைகள்

அப்புத்தளையிலிருந்து பதுளை நோக்கி இறங்கும் இரயிலில் அமர்ந்து மலைச்சரிவைப் பார்த்து வருபவரின் கண்ணில் மூன்று வகைக் கூரைகள் படும். வெள்ளிப் பூச்சுடன் வெயிலில் மின்னும் தேயிலைத் தொழிற்சாலையின் கூரை ஒன்று. மரங்களுக்கிடையே புகைபோக்கியோடு தலைநீட்டும் துரை பங்களாவின் கூரை மற்றொன்று. சரிவின் மடியில், துருவேறிச் செம்பழுப்பாகி, காற்றிற் பறந்துவிடாதபடி கல்லையும் பழைய டயரையும் சுமந்துகொண்டு நீளக் கிடக்கும் லயத்தின் கூரை மூன்றாவது. ஒரே தோட்டம், ஒரே மழை. கூரை மட்டும் மூன்று. மன்னர்களின் பட்டப்பெயர்களை மனப்பாடம் செய்யும் நம் மாணவர்கள் தம் தலைக்கு மேலுள்ள தகரத்தின் வரலாற்றையும் அறிந்துகொண்டால் குற்றமில்லை.

வெள்ளையர் வருமுன் ஊவாவில் கூரைக்கலை இல்லாமலில்லை. ஹாலி எலைக்கு அருகே போகொடையில் இன்றும் நிற்கும் மரப்பாலத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஆற்றைக் கடக்கும் வழிப்போக்கன் நனையாதிருக்கப் பாலத்துக்கே ஓடு வேய்ந்த மக்கள் அவர்கள். குடியானவனின் வீட்டுக்கு வைக்கோலும் புல்லும், விகாரைக்கு ஓடு என்பது அன்றைய ஒழுங்கு. 1817–18ஆம் ஆண்டுகளில் ஊவாவும் வெல்லஸ்ஸவும் கிளர்ந்தெழுந்தபோது ஆங்கிலப் படை ஊர்களை எரித்துப் பயிர்களை அழித்தது. பின்னர் 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் வந்தது. உறுதிப்பத்திரம் காட்டமுடியாத காடும் சேனையும் அரசுடைமை என்றாயின. அரசிடமிருந்து தோட்டக்காரன் கைக்குப் போயின. தமிழ்நாட்டிலிருந்து கால்நடையாகக் கொண்டுவரப்பட்ட நம் முன்னோர் காடழித்துக் கோப்பி நட்டார்கள். அவர்களுக்கு அன்று கிடைத்தது மானாப்புல் வேய்ந்த குடிசை.

நெளிதகரம் பிறந்தது இலண்டன் துறைமுகத்தில். அங்கே பொறியியலாளராயிருந்த ஹென்றி ராபின்சன் பாமர் என்பவர் 1829ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். அதன் சூத்திரம் மிக எளியது. ஒரு தாளைத் தட்டையாக நீட்டிப் பிடித்தால் துவண்டு விழும். அதையே விசிறிபோல் மடித்துப் பிடித்தால் ஒரு பென்சிலைத் தாங்கும். வகுப்பில் இதைச் செய்து காட்டியபோது கடைசி வாங்கு மாணவனும் நிமிர்ந்து உட்கார்ந்தான். இரும்புத் தகட்டுக்கு நெளிவு கொடுத்ததும், அடியில் நெருக்கமாகச் சட்டங்கள் இல்லாமலே அது அகன்ற இடத்தை மூடிற்று. ஆயினும் இரும்பு துருப்பிடிக்குமே? அதற்கு 1837இல் பிரெஞ்சுக்காரர் ஸ்தனிஸ்லாஸ் சொரெல் வழி கண்டார். உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த தகட்டில் கீறல் விழுந்தாலும், துத்தநாகம் முதலில் தான் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. அந்தப் பூச்சு எவ்வளவு தடிப்போ அவ்வளவு காலமே கூரையின் ஆயுள். பூச்சு முற்றும் கரைந்த நாளில் செம்பழுப்பு தொடங்கும். லயத்துக் கூரையின் நிறத்துக்குப் பொருள் இதுதான்.

இந்தத் தகரம் ஊவாவில் பெருகியதற்கு ஒரு பூஞ்சணமும் காரணம். 1869ஆம் ஆண்டு இலங்கையில் கோப்பி இலைநோய் முதலில் கண்டறியப்பட்ட இடம் நம் பதுளை மாவட்டத்து மடுல்சீமை. அடுத்த இருபதாண்டுகளுக்குள் கோப்பி வீழ்ந்தது, தேயிலை எழுந்தது. கோப்பியைத் தோட்டத்தில் உலர்த்தி மூட்டை கட்டினால் மிச்ச வேலையைக் கொழும்பிற் பார்த்துக்கொள்ளலாம். கொழுந்து காத்திராது. பறித்த அன்றே வாட்டத் தொடங்க வேண்டும். அரைத்து, புளிக்கவிட்டு, சூட்டில் உலர்த்தி முடிக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு பெருந்தோட்டத்துக்கும் மலையுச்சியிலேயே ஓர் ஆலை வேண்டியதாயிற்று. நம் மக்கள் இஸ்டோர் என்று வழங்கும் அந்தக் கட்டடத்தின் மேல்மாடிகளில் தூண்கள் இடறாத பரந்த தளம் வேண்டும். கொழுந்தைப் பரப்ப வேண்டும். சன்னல் வழியே காற்று ஓட வேண்டும். ஆடி ஆவணியில் மலையைக் கடந்து வரும் வறண்ட காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தருவது என்பதை உலகச் சந்தை அறியும்.

அத்தகைய தளத்துக்கு எதை வேய்வது? புல் என்றால், கீழே இரவும் பகலும் விறகடுப்பு எரிகிறது. ஒரு பொறி போதும். ஓடு என்றால் சதுர மீற்றருக்கு நாற்பது கிலோவுக்குக் குறையாத பாரம். அதைத் தாங்கப் பெருமரங்கள் வேண்டும். அரை மில்லிமீற்றர்த் தகரமோ அதே பரப்புக்கு நான்கைந்து கிலோதான். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் நெளிவுகள் பொருந்திக் கட்டாகிவிடும். வண்டியில் ஏற்றினால் உடையாது. இது சிறிய விஷயமன்று. இருப்புப்பாதை அப்புத்தளைக்கு வந்தது 1893இல், பண்டாரவளைக்கு 1894இல், பதுளைக்கு 1924இல்தான். அதுவரை பதுளைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு மாட்டுவண்டியும் மனிதத் தோளுமே வழி. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கித் தம்பத்தனையில் ஆலை எழுப்பிய காலத்தில், பிரிஸ்டல் போன்ற ஆங்கில நகரங்களில் நெளிதகரம் மலைமலையாகக் குவிந்து குடியேற்ற நாடுகளுக்குக் கப்பலேறிக் கொண்டிருந்தது. அங்கிருந்து தகரம் வந்தது. இங்கிருந்து தேயிலை போயிற்று. இரண்டு வியாபாரத்திலும் இலாபம் ஒரே திசையிற் சென்றது.

தொழிற்சாலைக்கு அது நல்ல தேர்வு என்பதை நான் மறுக்கவில்லை. சாய்வு சரியாக இருந்தது, பீலி இருந்தது, காலந்தோறும் வர்ணம் பூச ஆள் இருந்தான். உலர்ந்த தேயிலை ஈரத்தை விரைந்து உறிஞ்சும். ஒழுக்கு விழுந்தால் பெட்டி கெடும். பெட்டி கெட்டால் கணக்குக் கெடும். எனவே அக்கூரையில் ஓர் ஆணி தளர்ந்தாலும் உடனே ஏறிப் பார்த்தார்கள்.

அதே தகரம் லயத்துக்கு வந்தபோது வேறு பொருளாகிவிட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களை முதுகோடு முதுகாக ஒட்டவைத்து, ஒரே முகட்டின் கீழ் இரு வரிசைக் குடும்பங்களை அடைத்தார்கள். மச்சு இல்லை, புகைபோக்கி இல்லை. பகலில் வெயிலை அப்படியே இறக்கும் தகரம், மார்கழி இரவில் உள்ளிருக்கும் வெப்பத்தையெல்லாம் வானுக்கு விட்டுவிடும். அடுப்பின் புகையும் மூச்சின் ஈரமும் குளிர்ந்த தகட்டில் பட்டு நீராகி, விடியற்காலையில் படுத்திருப்பவர் முகத்திற் சொட்டும். மேலே மழை அரிக்க, உள்ளே புகை அரிக்க, தகரம் இருபுறமும் தேய்ந்தது. வர்ணம் பூச ஆளில்லை. ஒழுகினால் குழந்தை நனையும். கணக்கில் எதுவும் கெடாது.

தோட்டப் பாடசாலைகளுக்கும் தகரமே வாய்த்தது. வடகீழ்ப் பருவமழை பலமாகப் பிடித்துவிட்டால் ஆசிரியரின் வாய் அசைவது தெரியும்; சொல் கேளாது. அந்த நேரங்களில் பிள்ளைகளை எழுத வைப்பது எங்கள் தொழிலில் வழிவழி வரும் உபாயம்.

தொழிலாளி தானே தன் கூரையைச் சீர்செய்துகொள்ளலாகாதா என்று நகரத்து நண்பர்கள் கேட்பதுண்டு. காம்பரா அவனுடையதன்று. வேலை போனால் வீடும் போகும் என்பதே ஆதிமுதல் ஏற்பாடு. வேலைநிறுத்தத்தை முறிக்க இதைவிடக் கூரிய ஆயுதம் துரைமாருக்கு இல்லை. இருந்தும் 1940இல் பதுளை வேவஸ்ஸத் தோட்டத் தொழிலாளர் தமக்கெனத் தேர்ந்தெடுத்த சபை ஒன்றை அமைத்து, அதைக் கலந்துகொண்டு நிருவாகம் நடத்தத் துரையை இணங்கவைத்தார்கள். அடக்குமுறை அதைச் சிதைத்தது. 1948இல் குடியுரிமை பறிபோயிற்று. வாக்கில்லாதவன் கூரைக்கு எந்த அரசியல்வாதி கவலைப்படுவான்? 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. கொடிகள் மாறியபோதும் பல லயங்களில் முகடு மாறவில்லை.

இப்போது புதுத் தகடுகள் வந்திருக்கின்றன. நூற்றுக்கு 55 பங்கு அலுமினியமும் எஞ்சியதிற் பெரும்பகுதி துத்தநாகமுமாகப் பூசிய உருக்குத் தகடு 1972ஆம் ஆண்டு முதல் சந்தையில் உண்டு. பழைய துத்தநாகப் பூச்சைவிட நெடுநாள் நிற்கும். பதுளைப் பட்டினத்துக் கடைகளும் களஞ்சியங்களும் அத்தகைய வர்ணத் தகடுகளுக்கு மாறிவருகின்றன. ஏழை வீடுகளுக்கோ மலிவாகக் கிடைத்த மாற்று அஸ்பெஸ்டஸ். அது சத்தம் குறைவு, சூடு குறைவு; ஆனால் அதன் நுண்ணிழை நுரையீரலுக்குட் சென்றால் புற்றுநோய் விளைவிக்கும், வெள்ளை அஸ்பெஸ்டஸும் இதற்கு விலக்கன்று என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதன் இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்தும் திட்டம் 2018 ஜனவரியில் தொடங்குவதாக இருந்தது. 2017 டிசம்பரில், ஒரு தேயிலைப் பொதியில் வண்டு காணப்பட்டதென்று கூறி ரஷ்யா இலங்கைத் தேயிலையைத் தடுத்தது. நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் முதன்மை நாடும் அதுவே. கொழும்பு அரசு அஸ்பெஸ்டஸ் தடையைத் தள்ளிவைத்தது. அந்த மாதம் முடியுமுன்னே தேயிலைத் தடையும் நீங்கியது. வண்டின் கதையை எத்தனைபேர் நம்பினார்களோ, நானறியேன்.

கொழுந்து பறிப்பவளின் கூரை எதுவென்பது இவ்வாறு அவளைக் கேளாமலே மறுபடியும் முடிவாயிற்று. பழைய அஸ்பெஸ்டஸ் தகடு முழுதாக இருக்கும்வரை ஆபத்துக் குறைவு. அறுக்கும்போதும் துளைக்கும்போதும் உடைக்கும்போதும்தான் இழை பறக்கிறது. உடைந்த துண்டுகளால் லயத்து முற்றத்தில் பிள்ளைகள் கோடு கிழித்து விளையாடுவதைக் காணும் ஆசிரியர்கள், அவற்றை நனைத்து, பொதிந்து, குழியிற் புதைக்கச் சொல்ல வேண்டும்.