ஆவியும் புகையும்: கஞ்சாவை நுகர்வதற்கான வீட்டுக் கலங்களின் வரலாறு

முன்னுரை

பழைய மின்குமிழ், கண்ணாடிப் போத்தல், உலோகத் தாள் முதலிய வீட்டுப் பொருள்களைக்கொண்டு கஞ்சாவை எரிக்காமல் சூடேற்றி அதன் ஆவியை நுகரும் கருவிகளைச் செய்துகொள்ளும் வழக்கம், கடந்த சில பத்தாண்டுகளில் மேலைநாடுகளில் பரவியுள்ளது. சட்டமும் மருத்துவமும் இதனை ஒரு புதிய சிக்கலாகவே நோக்குகின்றன. வரலாற்று நோக்கில் காணும்போதோ, அடுக்களையிலும் குயவர் சாலையிலும் கிடைத்த பொருள்களை நுகர்கருவியாக மாற்றிக்கொண்ட ஒரு நீண்ட மரபின் அண்மைக் கண்ணியாகவே இது தோன்றுகிறது.

இம்மரபின் வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. கஞ்சாவை உண்ணல், பருகல், புகைத்தல், ஆவியாக நுகர்தல் ஆகிய நான்கு முறைகளும் ஒரே காலத்தில் தோன்றியவை அல்ல. ஒவ்வொன்றும் தனக்குரிய கலத்தோடும் காலத்தோடும் இணைந்தது என்பதே நாம் நிறுவ விழையும் கருத்தாகும். இக்கருத்து தமிழாசிரியர்க்கும் பயன்படத்தக்கது. கையில் சிலும்பியோடு சித்தர்களைச் சித்திரிக்கும் படங்களும், 'நம் முன்னோர் தொன்றுதொட்டுக் கஞ்சா புகைத்தனர்' என்னும் கூற்றும் மாணவரிடையே உலவுகின்றன. அவற்றுக்கு வரலாற்றுச் சான்று உண்டா என்னும் வினாவுக்கு விடை கூறும் கடப்பாடு நமக்கு உண்டு.

சுடுகல்லும் கூடாரமும்

கஞ்சாவின் ஆவியை நுகர்ந்தமை பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு தருவதாகும். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய வரலாற்றின் நான்காம் நூலில், கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த சித்தியர் இறந்தாரை அடக்கம் செய்தபின் மேற்கொண்ட தூய்மைச் சடங்கு விவரிக்கப்படுகிறது. மூன்று கோல்களை ஒன்றோடொன்று சாய்த்து நட்டு, அவற்றைக் கம்பளியால் இறுக மூடி, உள்ளே ஒரு கலத்தில் செந்நிறமாகக் காய்ந்த கற்களை இடுவர். அவற்றின்மேல் சணல்வகைச் செடியாகிய கஞ்சாவின் விதைகளைத் தூவுவர். எழும் ஆவியில் திளைத்து ஆரவாரிப்பர் என்கிறார் அவர்.

இதனைக் கட்டுக்கதை எனக் கருதியோரும் உண்டு. சைபீரியாவின் அல்த்தாய் மலையிலுள்ள பசிரிக் என்னுமிடத்தில், உறைபனியால் காக்கப்பட்ட புதைமேடுகளை உருசிய அறிஞர் செர்கேய் உருதென்கோ 1947 முதல் அகழ்ந்தபோது நிலைமை மாறியது. கூடாரத்திற்குரிய கோல்களும், கற்கள் நிறைந்த வெண்கலக் கலங்களும், கருகிய கஞ்சா விதைகளும் அங்குக் கிடைத்தன. விதையில் போதைப்பொருள் இல்லை என்றே கூறலாம். விதையைச் சூழ்ந்துள்ள பிசின் மிக்க பூவிதழ்ப் பகுதியே போதை தருவது. ஆகவே விதையோடு பூங்கொத்தும் இடப்பட்டு, எளிதில் அழியாத விதை மட்டுமே நமக்கு எஞ்சியது எனக் கொள்வது பொருந்தும்.

2019ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு இச்சான்றை மேலும் வலுப்படுத்தியது. சீனாவின் மேற்கெல்லையில் பாமீர் மலைப்பகுதியிலுள்ள சிர்சங்கல் இடுகாட்டில் ஏறத்தாழ 2,500 ஆண்டுகட்கு முற்பட்ட 10 மரக்கலங்கள் கிடைத்தன. காய்ச்சிய கற்களை இடுதற்குரிய அக்கலங்களில் கஞ்சாவின் வேதிப்பொருட் படிவுகள் கண்டறியப்பட்டன. மரக்கலத்தில் நேரே தீ மூட்டினால் கலமே எரிந்துவிடும். எனவே வெப்பத்தை வேறிடத்தில் பெற்று, கல்லின்வழிக் கலத்துக்குக் கொணர்ந்தனர். இங்குக் குழாயும் இல்லை, வாயில் வைத்து உறிஞ்சும் கருவியும் இல்லை. மூடிய இடமே கருவியாயிற்று. நுகர்ச்சியும் தனியொருவர் செயலாக அன்றி, ஈமச் சடங்கில் கூடியோர் அனைவர்க்கும் பொதுவாயிற்று.

அம்மியும் கிண்ணமும்

இந்தியாவில் நாம் காண்பது வேறொரு மரபு. அதர்வ வேதம் 'பங்கா' என்னும் செடியைக் குறிப்பிடுகிறது. அதனை நுகர்ந்த முறையைக் கூறவில்லை. 13, 14ஆம் நூற்றாண்டளவில் தோன்றியதாகக் கருதப்படும் சார்ங்கதர சங்கிதை, உடலில் விரைந்து பரவும் மருந்துகளுக்குக் கஞ்சாவையும் அபினியையும் சான்று காட்டுகிறது. கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் அங்கேயே அச்சிட்ட நூலில், 'பங்கு' என்பதை இலையைப் பொடித்துப் பிற சரக்குகளோடு சேர்த்து உட்கொள்ளும் பொருளாகவே விவரிக்கிறார்.

இம்முறைக்கு வேதியியல் அடிப்படை உண்டு. கஞ்சாவின் போதைப்பொருள் நீரில் கரைவதில்லை, கொழுப்பில் கரையும். வட இந்தியாவில் பங்கு பாலோடும் நெய்யோடும் சேர்க்கப்பட்டதற்கும், மருத்துவர் அதனை லேகியமாகவும் நெய்யாகவும் ஆக்கியதற்கும் காரணம் இதுவே. போதைப்பொருளின் வேதியமைப்பை மெக்கூலமும் கவோனியும் 1964இல் இசுரேலில் கண்டறிவதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்பே, அதன் இயல்பைக் கைப்பழக்கத்தால் மக்கள் அறிந்திருந்தனர். அம்மியும் உரலும் பால் காய்ச்சும் கலமும் இம்மரபின் கருவிகள்.

புகையை உள்ளிழுக்கும் பழக்கமே இந்தியாவில் இல்லை என்று கூறிவிடவும் இயலாது. சரக சங்கிதை மருந்துப் புகையைக் குழாய்வழி உள்ளிழுக்கும் முறையைத் தெளிவாகக் கூறுகிறது. மூலிகை விழுதைத் திரியாகத் திரட்டி உலர்த்தி, குழாயில் பொருத்திக் கொளுத்தும் முறை அது. சித்த மருத்துவத்தின் முப்பத்திரண்டு புறமருந்துகளுள் வேது, புகை ஆகிய இரண்டும் இடம்பெறுகின்றன. மூலிகை நீரைக் கொதிக்கவைத்து ஆவி பிடித்தல் வேது எனப்படும். மலேசியத் தமிழர் இல்லங்களில் சளிக்கும் தலைபாரத்திற்கும் போர்வைக்குள் ஆவி பிடிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. ஆவியையும் புகையையும் இரு வேறு மருந்து வழிகளாகப் பகுத்தறிந்த மரபு நம்முடையது. எனினும் சரகர் கூறும் புகைத்திரிச் சரக்குகளில் கஞ்சா இடம்பெறவில்லை. கருவி இருந்தது, அதில் இச்செடி இடப்படவில்லை.

தேங்காய்க் குடுக்கை நுகர்கருவியாதல்

இவ்விரண்டும் இணைவதற்குக் காரணமாய் அமைந்தது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த புகையிலையாகும். பிசப்பூரிலிருந்து புகையிலையையும் அணிசெய்யப்பட்ட புகைக்குழலையும் அசத் பேக்கு என்னும் அரசவைத் தூதர் அக்பரிடம் கொணர்ந்தது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அக்பர் 1605இல் மறைந்தார். 1617இல் சகாங்கீர் புகையிலையைத் தடைசெய்து ஆணையிட்ட செய்தி அவருடைய நினைவுக் குறிப்புகளில் காணப்படுகிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் தடைசெய்ய வேண்டிய அளவுக்கு அப்பழக்கம் பரவிவிட்டமையை இது காட்டும்.

அரசவையில் பொன்னும் வெள்ளியும் பதித்த உக்கா இருந்தது. எளிய மக்களிடம் தேங்காய்க் குடுக்கை இருந்தது. கண்ணில் துளையிட்டுப் பருப்பை நீக்கிய முழுத் தேங்காய் ஓட்டில் பாதியளவு நீர் நிரப்பப்படும். நீருள் அமிழுமாறு ஒரு மூங்கில் தண்டு செருகப்படும். தண்டின் மேல்முனையில் சுட்ட மண்ணாலான சிலும்பி அமரும். ஓட்டின் பக்கத் துளையில் வாய்வைத்து உறிஞ்சும்போது உள்ளே காற்றழுத்தம் குறைய, புகை நீரின் ஊடே குமிழியிட்டு வெளிப்படும். நீர் புகையைக் குளிர்விக்குமேயன்றி நஞ்சை நீக்குவதில்லை. தென்னையும் மூங்கிலும் குயவர் மண்ணும் உள்ள எவ்விடத்தும் இதனைச் செய்துகொள்ள இயலும். இக்கருவிக்கு மேற்காசியாவில் வழங்கும் 'நார்கிலே' என்னும் பெயர், தேங்காயைக் குறிக்கும் 'நார்கில்' என்னும் பாரசீகச் சொல்லின் வழியாக 'நாரிகேளம்' என்னும் வடசொல்லோடு தொடர்புடையது. கண்ணாடியாலும் வெண்கலத்தாலும் கருவி செய்யப்பட்ட பின்னரும் தேங்காயின் பெயர் அதனைவிட்டு நீங்கவில்லை.

புகையிலையோடு வந்த கருவியில் கஞ்சா இடம்பெறுவதற்கு நெடுங்காலம் ஆகவில்லை. 1669 முதல் 1679 வரை வங்காள விரிகுடா நாடுகளில் வணிகம் செய்த ஆங்கிலக் கப்பலோட்டி தாமசு பவுரி, கஞ்சாவை நீரில் கலந்து பருகுதல், மெல்லுதல், புகையிலையோடு சேர்த்துப் புகைத்தல் ஆகிய முறைகளைக் குறிப்பிட்டு, புகைத்தலே மிக விரைவில் மயக்குவது என்கிறார். 1701இல் ஆங்கில - மலாய் அகராதியை வெளியிட்டவரும் இவரே. கார்சியா த ஓர்த்தாவுக்கும் பவுரிக்கும் இடைப்பட்ட நூறாண்டுகளுக்குள் பெருமாற்றம் நிகழ்ந்துவிட்டமையை நாம் உணர்கிறோம்.

இக்கருத்துக்கு எதிராகக் காட்டத்தக்க சான்று ஒன்று உண்டு. எத்தியோப்பியாவில் தானா ஏரிக்கு அருகிலுள்ள லாலிபெலா குகையில் கிடைத்த இரு மட்கிண்ணங்கள் நீர்ப்புகைக் கருவியின் உறுப்புகளாகக் கருதப்படுகின்றன. அவற்றின் காலம் 14ஆம் நூற்றாண்டு எனக் கணிக்கப்பட்டது. வான் டெர் மெர்வெ 1975இல் வெளியிட்ட ஆய்வு அவற்றில் கஞ்சாப் படிவைச் சுட்டியது. ஆப்பிரிக்காவில் புகையிலைக்கு முன்பே கஞ்சா புகைக்கப்பட்டிருக்கலாம் என்பதற்கு இது சான்றாகும். இந்தியாவுக்கு இதனை அப்படியே பொருத்திக் கூறுதல் முறையாகாது.

சொல் தரும் சான்று

தமிழ்ச் சொற்களும் இவ்வரலாற்றுக்குத் துணைநிற்கின்றன. புதிதாக வந்த செடிக்குத் தமிழர் இட்ட பெயர் 'புகையிலை'. புகைப்பதற்கென்றே வாய்த்த இலை என்னும் வியப்பு அப்பெயரில் பொதிந்துள்ளது. இலையைப் புகைத்தல் முன்பே பெருவழக்காய் இருந்திருப்பின் இப்பெயர் அச்செடியைப் பிறவற்றினின்று வேறுபடுத்தி நின்றிராது. 'சுருட்டு' என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலத்தில் 'செரூட்' என்றும் மலாயில் 'செருத்து' என்றும் வழங்குகிறது. 'உக்கா' அரபு, பாரசீக வழியாகவும், 'சிலும்பி' பாரசீக, இந்துத்தானி வழியாகவும் வந்தவை. புகைக்கும் கருவிக்குரிய பெயர்கள் பிறமொழியிலிருந்து வந்திருக்க, கஞ்சாவுக்குரிய 'கோரக்கர் மூலி' என்னும் பெயர் மருத்துவ மரபிலிருந்து வந்துள்ளமை நோக்கத்தக்கது.

இதிலிருந்து ஓர் அளவுகோலை நாம் பெறலாம். சித்தர் பெயரால் வழங்கும் ஒரு நூலில் கஞ்சா லேகியமாகவோ நெய்யாகவோ சூரணமாகவோ கூறப்படின், அது பழைய மரபைப் பேணுவதாகலாம். கஞ்சாவைச் சிலும்பியில் இட்டுப் புகைக்கும் குறிப்பு வருமாயின், அப்பகுதியை 17ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதெனக் கொள்வதற்கு வலுவான தனிச்சான்று வேண்டும். சித்தர் பாடல்களின் காலத்தை வரையறுக்கும் முயற்சியில் இதனையும் ஒரு துணைச்சான்றாகக் கொள்ளலாம்.

குத்தகையும் சட்டமும்

ஆங்கிலேயர் ஆட்சியில் இப்பழக்கம் வரிப்பொருளாயிற்று. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அபினி, சாராயம் ஆகியவற்றோடு கள்ளும் பங்கும் விற்கும் உரிமையும் குத்தகைக்கு விடப்பட்டது. கள்ளையும் பங்கையும் ஒரே குத்தகையில் இணைத்தமை, அவற்றை இந்தியர்க்குரிய நுகர்பொருள்களாக அரசு கருதியமையைக் காட்டுகிறது.

இந்தியாவில் கஞ்சாவின் விளைவுகளை ஆராய 1893இல் அமைக்கப்பட்ட இந்தியக் கஞ்சா ஆய்வுக் குழு 1,193 பேரிடம் சான்று பெற்று, 1894இல் அறிக்கை அளித்தது. அளவோடு நுகர்தல் பெருந்தீங்கு விளைப்பதில்லை. மிகையான நுகர்ச்சி தீங்கானது. முற்றான தடையைவிட வரியும் கட்டுப்பாடும் ஏற்றவை என்பது அதன் முடிவு. வரி வருவாயில் அக்கறை கொண்ட அரசு அமைத்த குழு அது என்பதையும் நாம் மறத்தற்கில்லை.

1925ஆம் ஆண்டு செனீவா உடன்படிக்கையும் 1961ஆம் ஆண்டு ஐக்கிய நாட்டு உடன்படிக்கையும் கஞ்சாவை உலகளாவிய கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தன. மலேசியாவில் 1952ஆம் ஆண்டு அபாயகர மருந்துச் சட்டத்தின்கீழ் 200 கிராமும் அதற்கு மேலும் வைத்திருப்பவர் கடத்தியவராக அனுமானிக்கப்படுவார்; 2023இல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டு, தண்டனையைத் தெரிவுசெய்யும் உரிமை நீதிபதிக்கு அளிக்கப்பட்டது. சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேற்பட்ட கஞ்சாக் கடத்தலுக்கு மரண தண்டனை உண்டு. நுகர்வதற்கான குழாயோ கலமோ வைத்திருத்தலும் தனிக்குற்றம். ஒரு போத்தல் வீட்டுப் பொருளா, குற்றக்கருவியா என்பதை அதன் வடிவம் தீர்மானிப்பதில்லை. அதனைப் பயன்படுத்திய நோக்கமே தீர்மானிக்கிறது.

மீண்டும் சுடுகல்

20ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆவிமுறை மீண்டும் தோன்றியது. செடி எரியும் வெப்பநிலைக்குக் கீழேயே அதன் பிசின் ஆவியாகிவிடும் என்பதே இதன் அடிப்படை. செருமனியில் உருவான 'வல்கேனோ' என்னும் கருவியைக்கொண்டு டொனால்டு ஏபிரம்சும் குழுவினரும் சான் பிரான்சிசுகோவில் 18 பேரிடம் நடத்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. ஆவியாக நுகர்ந்தபோது போதைப்பொருள் உடலில் சேர்ந்த அளவு புகைத்தலை ஒத்திருந்தது. உட்சென்ற கார்பன் மோனாக்சைடு குறைந்திருந்தது. பாமீர் மரக்கலத்தின் தத்துவமும் இதுவே. கல்லின் இடத்தை மின்வெப்பம் பெற்றுள்ளது.

இவ்வாய்வின் முடிவை வீட்டில் செய்த கருவிக்கும் உரியதாகக் கருதுவது பிழை. வெப்பம் அளந்து கட்டுப்படுத்தப்பட்ட கருவியில் பெற்ற முடிவு அது. மின்குமிழின் உட்பூச்சு, நெகிழி, பற்றாசு, வண்ணப்பூச்சு ஆகியவை சூடேறும்போது நச்சாவியை வெளியிடக்கூடும். வெப்பம் மிகுந்தால் செடியும் கருகிப் புகையாகிவிடும். 2019இல் அமெரிக்காவில் ஆவிநுகர்வால் நேர்ந்த நுரையீரல் நோய் இதற்கு எச்சரிக்கையாகும். 2020 பிப்ரவரி வரை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோரும் இறந்தோருமாக 2,807 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் 68 பேர் உயிரிழந்தனர். கள்ளச்சந்தைக் கஞ்சா நெய்யில் கலக்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட்டே முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டது. உண்ணத்தக்க பொருளே ஆயினும், சூடேற்றி நுரையீரலுக்குள் செலுத்தும்போது அது உயிர்க்கொல்லியாயிற்று. தேங்காய்க் குடுக்கையின் காலத்தில் கலத்துக்குரிய பொருள்கள் ஓடும் மூங்கிலும் மண்ணும். இன்றைய வீட்டுப் பொருள்களோ தொழிற்சாலை வேதிப்பொருள்களைத் தம்முள் கொண்டவை.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் மூன்று முடிவுகளை நாம் பெறுகிறோம். முதலாவது, ஆவியை நுகர்தல் மிகப் பழமையானது. ஆயின் அதன் பழைய சான்றுகள் நடு ஆசியப் புல்வெளி மக்களுக்குரியவை, இந்தியாவுக்குரியவை அல்ல. இரண்டாவது, இந்தியாவில் கஞ்சா முதலில் உணவாகவும் மருந்தாகவுமே உட்கொள்ளப்பட்டது. குழலில் இட்டுப் புகைக்கும் வழக்கம் புகையிலையின் வருகைக்குப் பின்னரே சான்றுபெறுகிறது. மூன்றாவது, கருவி மாறும்போது நுகர்ச்சியின் இயல்பும் மாறுகிறது: ஈமச் சடங்கிலிருந்து மருத்துவத்துக்கும், அங்கிருந்து தெருத்திண்ணைக்கும், இறுதியில் தனியறைக்கும் அது இடம்பெயர்ந்துள்ளது.

சிலும்பியைச் சித்தரின் கையில் வைத்துக் காட்டும் படம், அண்மைக் காலத்து வழக்கம் ஒன்றனைத் தொன்மையின் பெயரால் உயர்த்திக் காட்டுகிறது. உயிர்க்கே இறுதி விளைவிக்கும் சட்டங்கள் நிலவும் இந்நாடுகளில் வாழும் மாணவர்க்கு, 'இது நம் மரபு' என்னும் சொல் எளிய சொல் அன்று. அச்சொல்லைக் கூறுமுன் கலத்தின் காலத்தை ஆராய்ந்து உரைத்தல் தமிழாசிரியர்தம் கடமையாகும்.