தப்பா பிரிச்ச பேரு

லிஸ்பன்ல இருக்கிற எங்க டீம் நண்பர் மகனுக்கு 'தியாகு'ன்னு பேர் வச்சிருக்கார். நம்ம தியாகராஜன் இல்லீங்க, எபிரேய யாக்கோபு!

லத்தீனில் இயாகோபுஸ், பிறகு இயாகோ. புனிதர் என்பதற்கான 'சாந்த்' முன்னால ஒட்டி சாந்தியாகோ. ஜனங்க அதை 'சான் + தியாகோ'ன்னு பிரிச்சதில், 'த்' பேரோடவே தங்கிடுச்சு. அதைத்தான் போர்த்துகீசியர் 'தியாகு'ன்னு உச்சரிக்கிறாங்க. புணர்ச்சி விதியில் கோட்டைவிட்ட எனக்குப் பெரிய ஆறுதல்!

9-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கொம்போஸ்தெலாவில் அவர் கல்லறை கிடைச்சதா நம்பி யாத்திரை பெருக, பேரும் பரவியது. 2014 உலகக்கோப்பையில் பிரேசில் கேப்டன்கூட தியாகோ சில்வாதான்.

16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியரோட நம்ம முத்துக்குளித்துறைக்கும் வந்து, 'சந்தியாகு' ஆச்சு. அப்பா பேர் அதுதான். இனிஷியல் 'ச'வுக்கு விரிவு கேட்டா காலேஜ்ல மழுப்புவேன். இனிமே முழுசாச் சொல்வேன்.